ஐந்து லட்சம் ரூபாய் பாலிசி எவ்வளவு பெறும்?

திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமத்தைக் கடந்து ரமணாசிரமத்தை ஒட்டிப் பிரியும் தெருக்களில் பலதரப்பட்டவர்கள் வசிக்கிறார்கள். ஹைதராபாத், பெங்களூர், மும்பை, சென்னை என்று எங்கெங்கோ வேலை பார்த்து ஓய்வுபெற்று, மலையடிவாரத்தில் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் ஒரு பக்கம். அவர்களையும் பௌர்ணமிக் கூட்டத்தையும் நம்பி ஆட்டோ ஓட்டுபவர்கள், பூ விற்பவர்கள், வாடகைக்கு அறை விடுபவர்கள், வீட்டுவேலை செய்பவர்கள் இன்னொரு பக்கம். மருத்துவக் காப்பீடு என்று வரும்போது இந்த இரு சாராரும் பெரும்பாலும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். இவர்களுக்காகப் பாலிசி எடுத்துத்தர முதலாளி கிடையாது. அதன் ஷரத்துகளைப் படித்துப் பார்த்துப் பேரம்பேச அலுவலகமும் கிடையாது. வேலையில் இருந்தவரை குரூப் பாலிசி என்ற குடை இருந்தவர்களுக்குக்கூட ஓய்வு பெற்ற நாளோடு அது மடங்கிவிடுகிறது. குரூப் பாலிசிகள் பலவற்றில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அறுபது வயதில் தனியாகப் பாலிசி எடுக்கப் போகும்போதுதான் அந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. இனிமேல் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதும் ஷரத்தைப் படிப்பதும் பில்லைச் சரிபார்ப்பதும் அவரவர் பாடு.

இப்படித் தனியாக பாலிசி வாங்குபவர் பொதுவாக இரண்டு எண்களைத்தான் கேட்கிறார்: காப்பீட்டுத் தொகை எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு. மூன்றாவதாக ஒரு பயம் இருக்கும், கிளைமைத் தள்ளுபடி செய்துவிடுவார்களோ என்று. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023–24ஆம் ஆண்டறிக்கை, இழப்பு வேறொரு வாசல் வழியாகத்தான் அதிகம் நடக்கிறது என்று காட்டுகிறது. அந்த ஆண்டில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே உள்ள நிறுவனங்களிடமும் வந்த கிளைம்களின் மொத்த மதிப்பு சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுக்கப்பட்டது 83,493 கோடி, அதாவது 71 சதவீதத்துக்குச் சற்று மேல். முற்றிலும் நிராகரிக்கப்பட்டவை ஏறத்தாழ 10,900 கோடி. பாலிசியின் நிபந்தனைகளைக் காட்டி அனுமதிக்கப்படாமல் போனதோ 15,100 கோடி. மீதி நிலுவை. முகத்தில் அடித்தாற்போல் வரும் மறுப்பைவிட ஷரத்துகளின் பெயரால் நடக்கும் வெட்டு பெரியது. ஆகவே மருத்துவக் காப்பீட்டின் சொற்களைப் புரிந்துகொள்வது என்றால் முதலில் இந்த வெட்டும் சொற்களைப் புரிந்துகொள்வதுதான். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘ஐந்து லட்சம்’ ஒரு மேல்வரம்பு மட்டுமே. அதற்குக் கீழே வரிசையாக நிற்கும் சொற்கள் ஒவ்வொன்றும் எந்த ரூபாயை யார் கட்டுவது என்று முடிவு செய்கின்றன. அவற்றைக் கழித்த பிறகு நிற்பதே உண்மையான பாலிசி.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். கற்பனையான பில்தான், ஆனால் விதிகள் உண்மையானவை. காப்பீட்டுத் தொகை 5 லட்சம். அறை வாடகை வரம்பு ஒரு நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய். கோ-பே எனப்படும் நோயாளியின் பங்கு 20 சதவீதம். முதியோருக்கான பாலிசிகளில் இத்தகைய நிபந்தனைகள் புதிதல்ல. அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தவர் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். அறைக்கு 32,000, மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், செவிலியர் எல்லாம் சேர்ந்து 1,20,000, மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றுக்கு 88,000. ஆக மொத்தம் 2,40,000. ஐந்து லட்சம் பாலிசி இருக்கும்போது இதில் பாதிகூட ஆகவில்லையே என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். அறை வாடகையில் நாளுக்கு மூவாயிரம், நான்கு நாளுக்குப் பன்னிரண்டாயிரம் மட்டும் கையிலிருந்து போகும் என்பது அவர்கள் கணக்கு. ‘விகிதாசாரக் கழிவு’ என்ற நிபந்தனை அந்தக் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. பல மருத்துவமனைகளில் அறை உயர உயர மருத்துவர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் உயரும். அதனால் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் அவற்றையும் நிறுவனம் குறைக்கிறது. அறைக்கு 20,000, மருத்துவர் வகைக்கு 75,000. மருந்து வகையில் கையுறை, முகக்கவசம் போன்ற ‘செலுத்தப்படாத பொருட்கள்’ 8,000 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 80,000. கூட்டினால் 1,75,000. இதில் கோ-பே 35,000 போக நிறுவனம் கொடுப்பது 1,40,000. மீதி ஒரு லட்சம் ரூபாயை நோயாளி கட்டுகிறார். கிளைம் நிராகரிக்கப்படவில்லை, நிறுவனத்தின் புள்ளிவிவரத்தில் இது வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்ட கிளைம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பவருக்குப் பணம் மிச்சமாகும். விகிதாசாரக் கழிவை எல்லாச் செலவின் மீதும் போடக் கூடாது என்று ஆணையம் 2020இல் வரையறுத்தது. மருந்து, பயன்படுத்தித் தீரும் பொருட்கள், உடலில் பொருத்தும் கருவிகள், நோயறியும் பரிசோதனைகள் ஆகியவற்றை அறையின் தரத்தோடு முடிச்சுப்போட முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் கழிவு பொருந்தாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனைகளில் இந்தக் கழிவுக்கே இடமில்லை. மேலே உள்ள கணக்கில் 88,000 ரூபாயையும் எட்டுக்கு ஐந்து என்று வெட்டியிருந்தால் அது தவறு, எழுத்தில் ஆட்சேபிக்கலாம். அதைவிட எளிய வழி, சேரும்போதே வரம்புக்கு உட்பட்ட அறையைக் கேட்பது. அறை காலியில்லை என்று மருத்துவமனை மேல் அறையைக் கொடுத்தால் அதை எழுதி வாங்கிக்கொள்வதும் பின்னால் வாதாட உதவும்.

கோ-பே பற்றி ஒரு தற்காப்பு வாதம் உண்டு, அதை அலட்சியப்படுத்த முடியாது. முழுச் செலவையும் வேறொருவர் ஏற்றால் தேவையில்லாத சிகிச்சைகள் பெருகும், எல்லோருடைய பிரீமியமும் ஏறும், நோயாளியும் ஒரு பங்கு கட்டினால்தான் கட்டுப்பாடு இருக்கும் என்பது அந்த வாதம். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970களில் தொடங்கி 1982 வரை ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தது. சொந்தப் பங்கு கட்ட வேண்டியிருந்தவர்கள் மருத்துவத்தைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள், அது உண்மை. ஆனால் தேவையில்லாத சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை, தேவையான சிகிச்சையையும் ஏறக்குறைய அதே அளவில் குறைத்துக்கொண்டார்கள். ஏழைகளாகவும் நோயாளிகளாகவும் இருந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் போன்றவற்றில் பாதிப்பும் தெரிந்தது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் 68 வயதுக்காரருக்கு 20 சதவீதம் என்பது சிக்கனத்தைக் கற்றுக்கொடுக்கும் கருவி ஆகாது. மூட்டு அறுவை சிகிச்சையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வைக்கும் காரணமாகவே ஆகும். ஆணையத்தின் விதிகளில் பல காலவரம்புகள் குறைந்திருந்தாலும் கோ-பேக்கு அப்படியொரு கடிவாளம் விழவில்லை. எல்லாருக்கும் பொதுவாக 2020 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியில் கோ-பே 5 சதவீதம்தான். அதில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000. கண்புரை அறுவை சிகிச்சைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் இல்லை. கவர்ச்சியான திட்டமில்லை. ஆனாலும் வேறெந்தப் பாலிசியைப் பார்க்கும்போதும் ஒப்பிட்டுப் பார்க்க இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

சில பாலிசிகளில் ஊரைப் பொறுத்தும் ஒரு கோ-பே வரும், மண்டலம் என்ற பெயரில். பெருநகரங்களுக்கு ஒரு பிரீமியம், சிறு நகரங்களுக்குக் குறைந்த பிரீமியம். திருவண்ணாமலை முகவரியைக் காட்டிக் குறைந்த பிரீமியம் கட்டிவிட்டு இதய அறுவை சிகிச்சைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால் அந்த வித்தியாசத்தை நோயாளியின் பங்காகக் கழிப்பார்கள். இங்குள்ளவர்கள் பெரிய சிகிச்சைக்கு வெளியூர் போவது விதிவிலக்கே அல்ல. 2013இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருந்தும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 80 கிலோமீட்டரும், புதுச்சேரி ஜிப்மருக்கு நூறு கிலோமீட்டர் அளவிலும் பயணம் செய்வது பழகிப்போனது. பாலிசி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதைவிட எந்த ஊரில் படுக்கப்போகிறோம் என்பதைப் பற்றியது.

மருத்துவமனை என்ற சொல்லுக்கே பாலிசியில் இலக்கணம் உண்டு. உரிய சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்றிருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சத் தகுதிகளாவது இருக்க வேண்டும்: இரவும் பகலும் தகுதிபெற்ற செவிலியரும் மருத்துவரும், சொந்த ஆபரேஷன் தியேட்டர், அன்றாடப் பதிவேடு, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் பத்துப் படுக்கை, மற்ற இடங்களில் பதினைந்து. 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலையின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்துவிட்டாலும் இங்கே பத்துப் படுக்கை விதிதான் பொருந்தும். ஆனால் 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு மன்றம் அறிவித்த ‘எங்கும் கேஷ்லெஸ்’ ஏற்பாட்டுக்குப் பதினைந்து படுக்கை வேண்டும். நிறுவனத்தோடு ஒப்பந்தமில்லாத மருத்துவமனையிலும் முன்பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம் என்பது அந்த ஏற்பாடு. திட்டமிட்ட சிகிச்சையானால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரமானால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் தர வேண்டும். ஆகவே ஒரு சிறிய நர்சிங் ஹோமில் செலவழித்த பணத்தைப் பின்னால் கேட்டு வாங்கத் தகுதி இருக்கும், கேஷ்லெஸுக்கு இருக்காது என்ற நிலை இங்கே சாத்தியம்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் ஆயுர்வேதமும் இயற்கை மருத்துவமும். 2024 ஏப்ரல் முதல் ஆயுஷ் சிகிச்சைகளை அலோபதிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று ஆணையம் சொல்லிவிட்டது. இதைக் கேட்டதும் மலையைச் சுற்றி நடக்கும் எண்ணெய்ச் சிகிச்சை, உடல் சுத்திகரிப்பு முகாம்களுக்கெல்லாம் பணம் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. நோய்க்காக உள்நோயாளியாகச் சேர்ந்த சிகிச்சையாக இருக்க வேண்டும், அந்த இடமும் ஆயுஷ் மருத்துவமனைக்கான தகுதியோடு இருக்க வேண்டும். ஓய்வுக்காகத் தங்குவது, புத்துணர்ச்சிச் சிகிச்சை, இயற்கை மருத்துவ நிலையங்கள், ஸ்பாக்கள் ஆகியவை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்குப் பட்டியலிலேயே இருக்கின்றன. பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்வதும் அதே பட்டியலில் உண்டு. ‘எதற்கும் ஒரு நாள் அட்மிட் ஆகி எல்லா டெஸ்டும் எடுத்துவிடலாம், பாலிசி இருக்கிறதே’ என்ற பரவலான யோசனை அங்கேதான் அடிபடுகிறது.

பணத்தை வெட்டும் சொற்களுக்கு அடுத்து காலத்தை வெட்டும் சொற்கள். காத்திருப்புக் காலம் என்று ஒரே பெயரில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. பாலிசி எடுத்த முதல் 30 நாள், விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் இல்லை. கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்ற பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் 24 மாதம். முன்பே இருந்த நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது. ‘முன்பே இருந்த நோய்’ என்பதில் ஆஸ்பத்திரியில் படுத்த நோய் மட்டும் அடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்தில் மருத்துவர் கண்டறிந்தது, ஆலோசனை சொன்னது, மருந்து எழுதிக்கொடுத்தது எல்லாமே அதில் அடங்கும். தினம் காலையில் போடும் ஒரு பிரஷர் மாத்திரையும் அடங்கும். ஓய்வுபெற்று இங்கே வந்தபின் புதிதாகப் பாலிசி எடுப்பவர் இந்த மூன்று கடிகாரங்களையும் பூஜ்யத்திலிருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. தவிர்க்க வழி உண்டு: நிறுவனத்தின் குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதி இடம்தருகிறது, கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். ஓய்வுபெறும் நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் போர்ட்டபிலிட்டி வசதியும் 2011 அக்டோபர் முதல் இருக்கிறது. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பாவது விண்ணப்பிப்பது நல்லது. வீடு மாற்றும் அவசரத்தில் பாலிசியைக் காலாவதியாக விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் புதிதாக எடுப்பதுதான் செய்யக்கூடியதிலேயே விலை உயர்ந்த தவறு.

நோயை மறைத்துப் பாலிசி எடுத்தால் என்ன, ஐந்து ஆண்டு ஆனால் கேட்க முடியாதாமே என்று ஒரு குறுக்குவழி யோசனை நடமாடுகிறது. மொராட்டோரியம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால் தகவலைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கிளைமை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டாக இருந்தது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை, தெரிந்தே மறைத்ததை மோசடியாகக் காட்டுவது நிறுவனத்துக்குக் கடினமும் இல்லை. அதுவரையிலான ஐந்து ஆண்டில் மாரடைப்பு வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இந்த யோசனையில் பதில் இல்லை. மறுபக்கத்தில், உள்ளதைச் சொன்னவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. மன்மோகன் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தந்த தீர்ப்பு இதற்குச் சான்று. அமெரிக்கப் பயணத்துக்காகப் பாலிசி எடுத்தவர் தனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லியிருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் இதயப் பிரச்சினை வந்தது. கொழுப்புக்கு மருந்து சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று பொதுத்துறை நிறுவனம் மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசியைக் கொடுத்த பிறகு, சொல்லப்பட்ட நோயின் தொடர்ச்சியையே காட்டி மறுக்க முடியாது என்றது. படிவத்தில் எழுதப்பட்ட ஒரு வரிதான் வழக்கைத் தாங்கியது. படிவத்தை ஏஜென்ட் நிரப்புவதும், ‘இதெல்லாம் எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்’ என்று சொல்வதும் நடப்பதுதான். கையெழுத்து ஏஜென்டுடையதாக இருக்காது.

இதெல்லாம் படிப்பது சாமானியரின் வேலையா, ஏஜென்ட் எதற்கு இருக்கிறார் என்ற ஆட்சேபம் இங்கே எழும். ஏஜென்டுகளில் கிளைம் நேரத்தில் நடுராத்திரியில் கூட ஓடிவருபவர்கள் உண்டு. ஆனால் அவருக்குக் கமிஷன் பிரீமியத்திலிருந்து வருகிறது. குறையச் சொல்லி விற்றால் இழப்பு வாங்கியவருக்கு. சர்க்கரைக்காரரான 63 வயது வாடிக்கையாளரிடம் போனஸ், காப்பீட்டுத் தொகை தானாக நிரம்பும் ரெஸ்டோரேஷன், யோகா வகுப்புத் தள்ளுபடி என்று பேசுவது எளிது. 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று தொடங்கினால் விற்பனை கைநழுவும். ரெஸ்டோரேஷன் பல பாலிசிகளில் முதல் கிளைமுக்கு உதவாது, சிலவற்றில் அதே நோய்க்கும் உதவாது. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து எடுக்கும் ஃப்ளோட்டரில் ஐந்து லட்சம் இருவருக்கும் பொது, பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்து. இவை கேட்டால் சொல்லப்படும், கேட்காவிட்டால் சொல்லப்படாது.

பிரீமியத்தை வங்கியில் போட்டுவைத்தால் போதுமே என்பவர்களின் வாதத்தில் பாதி சரி. கோ-பே, காத்திருப்பு, அறை வாடகை எல்லாம் கழித்துப் பார்க்கும்போது முதிய வயதின் பிரீமியம் கனமாகத்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டதும், அறுபது வயது கடந்தவர்களுக்கு ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டதும் ஓரளவு ஆறுதல். ஆனாலும் இரண்டு மூன்று லட்சம் கையிருப்பு உள்ளவர் சின்னச் செலவுக்காகக் காப்பீடு வாங்குவது வீண்தான். கையிருப்பால் தாங்க முடியாதது புற்றுநோய், பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை போன்றவை. அதற்கென உள்ளது டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே ஏற்கும் தொகை. மூன்று லட்சம் வரை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு மேல் நீ கொடு என்கிற ஏற்பாடு. பிரீமியம் கணிசமாகக் குறையும். இதில் டாப்-அப், சூப்பர் டாப்-அப் என்ற இரண்டுக்கும் பெயரில் சிறு வித்தியாசம், பலனில் பெரிய வித்தியாசம். ஒரே ஆண்டில் இரண்டு முறை சேர்ந்து தலா இரண்டரை லட்சம் செலவானால், மூன்று லட்சம் டிடக்டிபிள் உள்ள டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்த்து ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தத்தைப் பார்த்து இரண்டு லட்சம் தரும். சேமிப்பு உள்ள ஓய்வூதியருக்கு, கோ-பே ஏறிய முழுப் பாலிசியைவிட சூப்பர் டாப்-அப் பல சமயம் மேலானது.

சேமிப்பும் இல்லாதவர்களுக்கு, அதாவது இந்தப் பகுதியை இயங்கவைக்கும் உழைப்பாளிகளுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, இந்தச் சொற்களெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஸ்டார் ஹெல்த் வழியாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் வழியாகப் புதிய பெயரில் வந்து, 2018க்குப் பின் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த திட்டம் இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் வரை. இங்கே அறை வாடகைக் கணக்கு இல்லை, கோ-பே இல்லை, பழைய நோய் என்ற காத்திருப்பும் இல்லை. மேலே வெட்டிக் காட்டிய ஐந்து லட்சத்தைவிட இந்த ஐந்து லட்சம் முழுமையானது என்றே சொல்ல வேண்டும். அதன் வெட்டு வேறிடத்தில்: பட்டியலில் உள்ள சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனை. காய்ச்சலுக்கு மூன்று நாள் தனியார் நர்சிங் ஹோமில் சேர்ந்தால் அட்டை உதவாமல் போகலாம். அட்டை கையில் இருப்பதும் முக்கியம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பதிந்துகொள்ளும் வேலையை நோய் வந்தபின் தொடங்குபவர்கள் அதிகம். எழுபது வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஐந்து லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவாக்கியதை, பிற மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறு. சாலை விபத்தானால் பாலிசியே தேவையில்லாத ஒரு வசதி தமிழ்நாட்டில் இருக்கிறது: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் உட்பட. கிரிவலப் பாதையிலும் செங்கம் சாலையிலும் வண்டி பெருகிவிட்ட ஊரில் இது இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆணையமே விதிகளைச் செம்மைப்படுத்தி வருகிறதே, இனி இவ்வளவு கவலை எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். 2024 மே மாதச் சுற்றறிக்கை உண்மையில் நல்ல ஆவணம். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம், தாமதத்தால் கூடுதல் வாடகை ஆனால் அது நிறுவனத்தின் தலையில், மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி எந்தக் கிளைமையும் மறுக்கக் கூடாது. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி இல்லை என்ற பழைய நிலையும் போய்விட்டது. ஆனால் விதி குறைத்தது காலத்தையும் தாமதத்தையும்தான். ஒரு மணி நேரத்தில் பதில் வரும், அது சாதகமான பதிலாக இருக்கும் என்று விதி சொல்லவில்லை. அறை வாடகை வரம்பு, கோ-பே, மண்டலம், டிடக்டிபிள் எல்லாம் ஒப்பந்தத்தின் பகுதிகள். கையெழுத்துப் போட்டவர் ஒப்புக்கொண்டவை. எந்தச் சீர்திருத்தமும் படிக்கப்படாத ஒப்பந்தத்தைத் திருத்திக் கொடுக்காது.

படிப்பதற்கான வழியை அதே விதிகள் தந்திருக்கின்றன. 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் வாடிக்கையாளர் தகவல் தாள் தர வேண்டும். காத்திருப்பு, விலக்குகள், உள்வரம்புகள், கோ-பே, டிடக்டிபிள் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். இங்கே குடியேறிய தெலுங்கரும் கன்னடரும் அவரவர் மொழியில் கேட்டுப் பார்க்கலாம். தமிழர்கள் தமிழில் கேட்கத் தயங்கவே வேண்டாம். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. அந்த முப்பது நாளைப் படிப்பதற்குச் செலவிடுங்கள். வெட்டு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு, அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.